வாரம் ஒரு முறை: சுப்பாராவ் தந்த இரண்டு மாத்திரைகள்

முடக்குவாதத்துக்காக எங்களிடம் சிகிச்சை பெறுவோர் பலரது வீட்டில் இரண்டு மாத்திரை அட்டைகள் இருக்கும். ஒன்று மெத்தோட்ரெக்சேட், மற்றொன்று ஃபோலிக் அமிலம். இரண்டும் சிறியவை, பெரும்பாலும் இரண்டும் மஞ்சள் நிறத்தவை. முதலாவதை வாரத்தில் ஒரே ஒரு நாள் உட்கொள்ள வேண்டும். இரண்டாவதை மருத்துவர் குறித்துக் கொடுத்த பிற நாள்களில் உட்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மனிதரின் தலைமையில் உருப்பெற்றவை என்பதும், அம்மனிதர் சென்னையில் மருத்துவம் பயின்றவர் என்பதும் பலரும் அறியாத செய்திகள். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவரைப் பற்றி இப்போது எழுத ஒரு தேவை இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டை இடையில் நிறுத்திவிட்டு, சில மாதங்கள் கழித்து விரல்கள் கோணிய நிலையில் திரும்பி வருவோரை ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "இது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்தாமே?" மருந்துக் கடையில் யாரோ சொல்லியிருப்பார்கள், அல்லது பேரன் கைபேசியில் தேடிப் பார்த்துச் சொல்லியிருப்பான். காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அமைந்திருக்கும் ஊர் இது. அந்தச் சொல்லின் எடையை இங்குள்ள குடும்பங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது முறையன்று என்பது எங்கள் கருத்து. அவர்கள் கேள்விப்பட்டது பொய்யன்று, பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்ல வேண்டுமானால் சுப்பாராவின் ஆய்வு வாழ்க்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் அவர் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முறை எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியில் படித்துப் பின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் கதராடை அணிந்தது அவருடைய ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியில் இடம் கிடைக்காமல், சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு கற்பித்து வந்தார்.

அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அவர்களைக் கொண்டுபோயிற்று. உண்ட உணவின் சத்து உடலில் சேராமல், வயிற்றுப்போக்கும் கடுமையான சோகையும் கண்டு ஆளை உருக்கிவிடும் நோய் அது. அதற்கு அன்று உறுதியான மருந்து இல்லை. இந்த மரணங்களைப் பின்னால் நினைவுகூர வேண்டியிருக்கும்.

1923ஆம் ஆண்டு அறக்கட்டளை உதவியும் மாமனாரின் பொருளுதவியும் கொண்டு அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். செலவுக்கு மருத்துவமனையொன்றில் கடைநிலை ஊழியம் செய்தார். நோயாளிகளின் மலச் சட்டிகளைக் கழுவும் வேலையும் அதில் அடங்கும். பின்னர் சைரஸ் ஃபிஸ்கே என்னும் உயிர்வேதியியலாளரிடம் ஆய்வில் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கணிக்கும் முறையொன்றை 1925இல் வெளியிட்டார்கள். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்ற பெயரில் இன்றும் மருத்துவ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். நாங்களும் படித்தோம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பெயருக்குரியவர் சென்னையில் எங்களைப் போலவே உடற்கூறு கற்றவர் என்று வகுப்பில் எவரும் சொன்னதாக நினைவில்லை.

பாஸ்பரஸை அளக்கத் தெரிந்தவருக்குத் தசைக்குள் ஒளிந்திருந்த பொருள்கள் ஒவ்வொன்றாகத் தென்படத் தொடங்கின. 1927இல் பாஸ்போகிரியேட்டின். 1929இல் ஏ.டி.பி. என்று சுருக்கமாக வழங்கும் அடினோசின் டிரைபாஸ்பேட். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனியாக இதைக் கண்டறிந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதயத் துடிப்பு முதல் விழி இமைப்பது வரை உயிரணு செய்யும் எந்த வேலைக்கும் ஆற்றல் தருவது இந்த ஏ.டி.பி.தான். ஒரு நூலில் கோத்த மூன்று மணிகளைப் போல மூன்று பாஸ்பேட்டுகள் அதன் ஒரு முனையில் இருக்கும். கடைசி மணி கழலும்போது ஆற்றல் வெளிப்படும்.

கழன்ற மணி எங்கே போகிறது என்னும் கேள்விக்கு விடை கிடைக்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் என்னும் இரு அறிவியலாளர்கள் 1950களின் நடுவில் அதைக் காட்டினார்கள். ஏ.டி.பி.யிலிருந்து கழலும் பாஸ்பேட் சில வேளைகளில் ஒரு புரதத்தின்மீது போய் ஒட்டுகிறது. ஒட்டியவுடன் அந்தப் புரதத்தின் நடத்தை மாறுகிறது. எடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இதற்காக 1992இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் ஊரில் இதை விளக்குவது எளிது. பட்டுத் தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் தொங்கும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஒரு பாவு இழை எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. மயிலும் அன்னமும் யாளியும் சேலையில் வருவது அந்தத் துளைகளின் கணக்கால்தான். உயிரணுவுக்குள் அந்தத் துளையின் வேலையைப் பாஸ்பேட் செய்கிறது. வெளியே ஒரு செய்தி வந்து உயிரணுவின் மேற்பரப்பைத் தொட்டதும், உள்ளே ஒரு புரதத்தின்மீது பாஸ்பேட் ஏறும். அது அடுத்த புரதத்தின்மீது ஏற்றும். இப்படியே செய்தி உட்கருவரை சென்று சேரும். இதைத்தான் உயிரணுச் சமிக்ஞை என்கிறோம்.

முடக்குவாதத்தில் நடப்பது, தவறான அட்டை மாட்டிய தறி ஓயாமல் ஓடுவதைப் போன்றது. கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் நம் மூட்டுகளின் உட்சவ்வைப் பகையாகக் கருதித் தாக்குகின்றன. "வீக்கம் உண்டாக்கு, மேலும் படை அனுப்பு" என்னும் சமிக்ஞை நிற்பதே இல்லை. காலையில் எழுந்தவுடன் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விரல்கள் மடங்க மறுப்பது அதன் அடையாளம். பாவு பிணைப்பவருக்கும், கோர்வைச் சேலைக்குத் தறியின் மறுபுறம் அமர்ந்து நாடா எறிபவருக்கும் விரல்தான் முதல். கவனிக்காமல் விட்டால் எலும்பு அரிக்கப்படும். அரித்த எலும்பை எந்த மாத்திரையும் மீட்டுத் தராது. நோய் தொடங்கிய முதல் மாதங்கள் மிகவும் மதிப்புள்ளவை என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

மீண்டும் சுப்பாராவுக்கு வருவோம். ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை. 1940இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து ஆய்வகத்துக்குச் சென்றார். எட்டே ஆண்டுகள்தான் அங்கே வாழ்ந்தார். 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே இறந்தார். அந்த எட்டு ஆண்டுகளுக்குள் அவர் தலைமையில் நடந்தவற்றைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி அங்கே பிறந்தது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அங்கேதான் பிறந்தது. ஆண்டுக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து, கண் எதிரே விழுங்கச் சொன்ன மாத்திரை நம் பகுதி மூத்தவர்கள் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் எங்கள் பிரிவின் கண்ணோட்டத்தில் முதன்மையானது ஃபோலிக் அமிலம்.

அதன் கதை நம் நாட்டில் தொடங்கியது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், துணி ஆலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளைக் கொன்றுவந்த சோகை நோயை ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்னும் மலிவான உணவுப் பொருள் அதைக் குணப்படுத்தியது. அதில் இருக்கும் சத்து எது என்று மட்டும் தெரியவில்லை. 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைப் பசலைக் கீரையிலிருந்து பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். சுப்பாராவின் குழு அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவே உருவாக்கிக் காட்டியது 1945இல். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டது, அவர்கள் தேறினார்கள். சுப்பாராவின் சகோதரர்களுக்கு அது வந்து சேர ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் பிந்திவிட்டது.

உயிரணு பெருக ஃபோலிக் அமிலம் தேவை. அப்படியானால் அதைப்போலவே தோற்றமளித்து, அதன் இடத்தை அடைத்துக்கொண்டு, வேலையை மட்டும் செய்யாத ஒரு போலியைச் செய்தால்? பூட்டுக்குள் நுழைந்து திறக்காமல் சிக்கிக்கொள்ளும் சாவியைப் போல? பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர் என்னும் நோய்க்கூறியலாளருக்குச் சுப்பாராவின் குழு அனுப்பியது அத்தகைய போலிகளைத்தான். இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் போலி கொடுக்கப்பட்டது. அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியது. ஃபார்பரின் கட்டுரை 1948 ஜூனில் வெளியாயிற்று. இரண்டு மாதம் கழித்துச் சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான, அதனினும் பாதுகாப்பான மருந்துதான் மெத்தோட்ரெக்சேட்.

ஆகவே அது புற்றுநோய் மருந்தாகப் பிறந்தது என்பது முழு உண்மை. ஆனால் 1951லேயே, ரிச்சர்டு குப்னர் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் முடக்குவாத நோயாளிகளுக்கு அமினோப்டெரினைக் கொடுத்து வீக்கம் தணிவதைக் கண்டார்கள். சொரியாசிஸ் என்னும் தோல்நோயும் தணிந்தது. அப்போது கார்டிசோன் என்னும் ஸ்டிராய்டு புதிதாக வந்து, படுத்தவர்களை நடக்கவைத்து, அதைக் கண்டறிந்தவர்களுக்கு 1950இல் நோபல் பரிசையும் பெற்றுத் தந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் குப்னரின் கட்டுரையை எவரும் பொருட்படுத்தவில்லை. ஸ்டிராய்டின் தீமைகளை உலகம் மெல்ல உணர்ந்த பிறகு, 1980களின் நடுவில் முறையான ஆய்வுகள் நடந்தன. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டைக் கொடுக்க அமெரிக்க அரசு 1988இல் ஒப்புதல் தந்தது. முதல் கட்டுரைக்கும் ஒப்புதலுக்கும் இடையே 37 ஆண்டுகள். அவ்விடைவெளியில் கோணிப்போன விரல்கள் எத்தனையோ.

அளவுதான் இங்கே எல்லாம். சில புற்றுநோய்களுக்கு இதே மருந்து ஒரே வேளையில் கிராம் கணக்கில் செலுத்தப்படுகிறது. முடக்குவாதத்துக்கு நாங்கள் தருவது வாரத்துக்கு 7.5 மில்லிகிராம் முதல் 25 மில்லிகிராம் வரை. ஒரு கிராம் என்பது ஆயிரம் மில்லிகிராம் என்பதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அளவு மாறும்போது வேலையும் மாறுகிறது. குறைந்த அளவில் அது உயிரணுவைக் கொல்ல வருவதில்லை. அது செய்யும் பல வேலைகளுள் மிக முக்கியமானதாகப் பலரும் கருதுவது, மூட்டைச் சுற்றி அடினோசின் என்னும் பொருளைப் பெருகச் செய்வது. அடினோசின் வெள்ளணுக்களின் மேற்பரப்பைத் தொட்டு, "போதும், அடங்கு" என்னும் சமிக்ஞையை உள்ளே அனுப்புகிறது. மூன்று பாஸ்பேட்டையும் கழற்றிவிட்டால் ஏ.டி.பி.யில் எஞ்சுவது இதே அடினோசின்தான். சுப்பாராவ் 1929இல் தசையில் கண்ட பொருளின் உடற்பகுதி, அவருடைய கூடத்தில் பிறந்த மருந்தின் வேலையாளாகப் பின்னாளில் வெளிப்பட்டது. இதை அவர் அறியவில்லை, அறியும்வரை வாழவில்லை.

"ஃபோலிக் அமிலத்தின் போலியைக் கொடுத்துவிட்டு, ஃபோலிக் அமிலத்தையும் ஏன் கொடுக்கிறீர்கள்?" என்று கூர்மையாகக் கேட்கும் நோயாளிகள் உண்டு. எங்களுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் பாதிப்பு போன்றவை பெருமளவும் ஃபோலிக் அமிலக் குறைவால் வருபவை. மூட்டின் வீக்கம் தணிவதோ பெரும்பாலும் வேறு வழியில் நடப்பது. ஆகவே ஃபோலிக் அமிலம் தீமையைக் குறைக்கிறது. நன்மையை அவ்வளவாகக் குறைப்பதில்லை. அது வெறும் சத்து மாத்திரை என்று எண்ணி விட்டுவிட வேண்டாம்.

உலகில் எத்தனையோ புதிய மருந்துகள் வந்துவிட்டன. பாஸ்பேட் ஏற்றும் புரதங்களையே நேரடியாகத் தடுக்கும் மாத்திரைகளும் உண்டு. அவற்றுள் ஒன்றான டோஃபாசிடினிப் 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தேவைப்படுவோருக்கு அவற்றை எழுதுகிறோம். ஆனாலும் முதலில் எழுதுவது மெத்தோட்ரெக்சேட்டைத்தான், உலகெங்கும் அப்படியே. விலை குறைந்தது என்பதால் தாழ்ந்தது என்று எண்ணுவோரைக் காணும்போது எங்களுக்கு வருத்தம் உண்டாகிறது. சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லையே என்று ஆதங்கப்படுவோர் நம் நாட்டில் பலர். 1995இல் அவர் நூற்றாண்டுக்கு அஞ்சல் தலை வெளியிட்டதோடு நம் கடமை முடிந்தது போலிருக்கிறது. பரிசைப் பற்றி எங்களுக்குப் பெரிய அக்கறை இல்லை. அவர் தந்த மருந்து அட்டையோடு பாதியில் குப்பைக்குப் போவதுதான் உறுத்துகிறது.

அதனினும் உறுத்துவது வேறொன்று. வாரம் ஒரு முறைக்குரிய மாத்திரையை நாள்தோறும் விழுங்கிவிடுவது. தலைப்பில் சொன்னது இதைத்தான். இரண்டு மஞ்சள் மாத்திரைகளும் இடம் மாறிப்போனால், தினமும் ஃபோலிக் அமிலம் என்று எண்ணி மெத்தோட்ரெக்சேட்டை விழுங்க நேரும். சில நாள்களிலேயே வாய் முழுதும் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை செயலிழந்து இரத்த அணுக்கள் குறையும், உயிரும் போகலாம். இத்தகைய மரணங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. மருந்தின் பெயரைக் கேட்டு அஞ்சுவோர் அஞ்ச வேண்டிய இடம் உண்மையில் இதுதான்.

எனவே எங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறோம். "வாரம் ஒரு முறை" என்று மட்டும் எழுதிய மருந்துச் சீட்டு போதுமானதன்று. எந்தக் கிழமை என்பது தமிழில், முழுச் சொல்லாக, சீட்டிலும் மாத்திரை அட்டையிலும் எழுதப்பட வேண்டும். எங்கே சிகிச்சை பெற்றாலும் இதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதாமல் கொடுத்தால் மருந்துக் கடைக்காரரிடமே பேனா கேட்டு எழுதச் சொல்லுங்கள். வீட்டில் கண்பார்வை நன்றாக உள்ள ஒருவர் இதற்குப் பொறுப்பேற்பது நல்லது. இரண்டு அட்டைகளையும் ஒரே டப்பாவில் போட வேண்டாம். ஒரு வாரம் மறந்துவிட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பாக விழுங்க வேண்டாம், எங்களைக் கேளுங்கள். தவறுதலாக நாள்தோறும் விழுங்கியது தெரியவந்தால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மாற்று மருந்து உண்டு; அது விரைவாகக் கொடுத்தால்தான் பயன் தரும்.

குழந்தை பெற எண்ணும் பெண்கள் இம்மருந்தைத் தொடங்குமுன்னரே எங்களிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்தில் இது கூடவே கூடாது. மது அருந்துவோர் மறைக்காமல் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ வேறு மருத்துவரிடம் போனால் இந்த அட்டையை எடுத்துச் சென்று காட்டுங்கள். கோட்ரைமாக்சசோல் போன்ற சில மருந்துகள் இதனோடு சேர்ந்தால் ஆபத்து. வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் புதிதாகத் தோன்றினால் அடுத்த வேளையை விழுங்குமுன் வந்து பாருங்கள். இரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் வாருங்கள். தறியை ஒரு காலை நிறுத்த வேண்டியிருக்கும், கூலி குறையும் என்பது தெரியும். ஆகவேதான் பரிசோதனை, மருத்துவர் சந்திப்பு, மருந்து மூன்றையும் ஒரே வருகையில் முடித்துக்கொள்ளும்படி நாள் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் மெத்தோட்ரெக்சேட்டுக்குத் திங்கள், ஃபோலிக் அமிலத்துக்கு வெள்ளி என்று ஒரு வழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் மருந்தின் பெயரும் கிழமையின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் நினைவில் நிற்கும். தமிழில் அந்த மோனை அமையாது. நம் ஊரில் வெள்ளிக்கிழமை காமாட்சியம்மன் கோயிலுக்குச் செல்லாத வீடு குறைவு; அன்று விரதம் இருப்போரும் பலர். விரத நாளை விட்டு, வீட்டார் அனைவரும் கூடி உண்ணும் ஒரு நாளின் இரவு உணவுக்குப் பின் என்று வைத்துக்கொண்டவர்கள் மறப்பதில்லை என்பது எங்கள் அனுபவம். பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்துகொள்கிறார்கள்.